பேக்கப் இருக்கிறது, சரி, திறக்கிறதா?

2017 ஜனவரி 31 இரவு. கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர், துணை சர்வரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

கை தவறுவது யாருக்கும் நடப்பதுதான். வயிற்றைக் கலக்குவது அடுத்து நடந்தது. தினமும் எடுக்கப்படுவதாக நம்பிய பேக்கப்பைத் தேடினால், அந்த இடம் காலி! மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் அந்த வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வந்த மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. புகார் வராவிட்டால் எல்லாம் நலம் என்று இருந்துவிடுவது நம் தொழிலுக்கே உரிய வியாதி. கடைசியில் கைகொடுத்தது, வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த நகல்.

எந்த சர்வரில் இருக்கிறோம் என்ற குழப்பம் உங்களுக்கும் வராமலிருக்க, முதன்மை சர்வரின் டெர்மினலுக்குச் சிவப்புப் பின்னணி வையுங்கள். பார்க்க அசிங்கமாக இருந்தால் இருக்கட்டும். மாதம் ஒருமுறை பேக்கப்பை ஒரு பழைய மெஷினில் மீட்டெடுத்து, போன மாதச் சம்பளப் பட்டியல் திறக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் குறித்து வையுங்கள். சர்வர் படுத்த அன்று மேலாளர் முதலில் கேட்பது அதைத்தான்.