ஆரோக்கியத்தின் வாடகை

கட்டடங்களுக்கு இப்போது ஆரோக்கியச் சான்றிதழ் தருகிறார்கள். 2014-ல் அமெரிக்காவில் 'வெல்' என்ற பெயரில் ஓர் அளவுகோல் வெளியாயிற்று. காற்று, நீர், உணவு, வெளிச்சம், உடற்பயிற்சி, சௌகரியம், மனம் என்று அப்போது ஏழு தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் நிபந்தனைகள். நிறைவேற்றியதைப் பொறுத்து வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று தரம். இப்படித் தரம் பெற்ற அலுவலகக் கட்டடத்துக்கு வாடகை கூடுதலாகக் கேட்கலாம், குடியிருக்கும் கம்பெனியும் சீக்கிரம் காலிசெய்யாது என்பது கணக்கு. இதை யாரும் மறைக்கவில்லை. கட்டட வியாபாரிகளிடம் இதை விற்பதற்குச் சொல்லப்படும் முதல் வாதமே இதுதான். லிஃப்ட், கார் நிறுத்துமிடம், ஜெனரேட்டர் என்ற வரிசையில் 'மனம்' என்பதும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

இதைச் சொன்னதும் நம் வட்டத்தில் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு நண்பர், "எல்லாம் முதலாளிகளின் புது வேஷம்" என்பார். இன்னொருவர், "யார் செய்தால் என்ன, காற்று நல்ல காற்றுதானே" என்பார். இருவருமே பிரச்னையைத் தொடுவதற்கு முன்பே முடித்துவிடுகிறார்கள். மூன்றாவது ஒரு பதிலும் உண்டு. பெரும்பாலும் அது மௌனமாகவே இருக்கும். நமது நவீன கவிதையில் நகரம் வந்தபோதெல்லாம் நோயாகத்தான் வந்திருக்கிறது. மூச்சுத் திணறல், இருட்டு மாடிப்படி, ஜன்னலற்ற அறை இவையெல்லாம் நமக்குப் படிமங்களாக உபயோகப்பட்டிருக்கின்றன. அந்த அறைக்கு ஒரு ஜன்னல் வைத்துவிட்டால் கவிதைக்கு நஷ்டம் என்பது போன்ற மனோபாவம் நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை ஒரு குற்றச்சாட்டாகவே சொல்கிறேன்.

நல்ல காற்று லாபத்துக்காகத் தரப்படும்போதும் நல்லதுதானா என்ற கேள்வி புதிதல்ல. 1785-ல் எழுதிய ஒழுக்கவியல் நூலில் கான்ட் ஒரு கடைக்காரனைக் கொண்டுவருகிறார். விவரமில்லாதவன் வந்தாலும், குழந்தை வந்தாலும் அவன் ஒரே விலைதான் சொல்கிறான். நேர்மைதான். ஆனால் நேர்மையின் மேல் உள்ள மதிப்பால் அல்ல. பெயர் கெட்டால் வியாபாரம் கெடும் என்பதால். கடமைக்கு ஒத்த செயல் அது, கடமையிலிருந்து பிறந்த செயல் அல்ல என்கிறார் கான்ட். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சாமான் வாங்கிக்கொண்டு போகும் குழந்தைக்கு இந்த வித்தியாசத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை. நுரையீரலும் அந்தக் குழந்தையைப் போலத்தான். அது நோக்கத்தை விசாரிப்பதில்லை.

இதுவரை கான்ட்டோடு போகலாம். கட்டட விஷயத்தில் ஒரு வித்தியாசம் இருப்பதாக எனக்குப் படுகிறது. கடைக்காரனின் நோக்கம் அவன் மனதுக்குள் இருக்கிறது. நாம் அனுமானிக்கத்தான் முடியும். கட்டடத்தின் நோக்கம் தரையில் கோடாக வரையப்பட்டிருக்கிறது. நல்லது எந்த இடத்தோடு நின்றுபோகிறது என்று பார்த்தால் போதும்.

என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம். நான் முன்பு இருந்த கிளை ஒன்றில் ஏடிஎம் அறைக்குக் குளிர்சாதனம் உண்டு. அது பணம் எடுக்க வருகிறவர்களுக்கு என்று பலர் நினைத்தார்கள். இயந்திரம் சூடேறக் கூடாது என்பதுதான் காரணம். காவலாளி வெளியே, தகரச் சார்ப்பின் கீழ், பிளாஸ்டிக் நாற்காலியில். மே மாதத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு அவர் கதவைத் திறந்து உள்ளே போய் ஐந்து நிமிஷம் நிற்பார். பணம் எடுக்கும் இடத்தில் ஆள் நிற்கிறான் என்று வாடிக்கையாளர் புகார் சொல்வார்கள். அவர் கம்பெனி வேறு, சம்பளம் வேறு இடத்திலிருந்து வருகிறது. எங்கள் சுற்றறிக்கைகளில் அவர் உடம்பைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்தக் கண்ணாடிக் கதவு நோக்கத்தின் எல்லைக்கோடு. அதைக் கண்டுபிடிக்க யாருடைய மனசாட்சிக்குள்ளும் புகுந்து பார்க்கவேண்டிய அவசியமில்லை.

சான்றிதழ் பெற்ற கட்டடங்கள் விற்கிற சரக்கின் சரித்திரமும் கவனிக்க வேண்டியது. 1973-ல் எண்ணெய் விலை ஏறியபின் அமெரிக்காவில் அலுவலகக் கட்டடங்களை இறுக்கி மூடினார்கள். வெளிக்காற்றைச் சூடேற்றவும் குளிரவைக்கவும் ஆகும் செலவை மிச்சப்படுத்த, உள்ளே விடும் புதுக்காற்றைக் குறைத்தார்கள். தலைவலி, கண்ணெரிச்சல், காரணமில்லாத சோர்வு. வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும். 'நோயுற்ற கட்டடம்' என்ற பிரயோகம் 1980-களில் மருத்துவத்துக்குள் வந்தது. செலவைக் குறைப்பதற்காக எடுத்துக்கொண்ட காற்றுதான் இன்று தரச்சான்றோடு திரும்பி வருகிறது. 2015-ல் வெளியான ஓர் ஆராய்ச்சிக்காக ஹார்வர்டைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 24 பேரை ஆறு வேலைநாட்கள் ஓர் அலுவலகத்தில் உட்காரவைத்து, அவர்களுக்குத் தெரியாமல் காற்றை மாற்றி மாற்றிப் பரிசோதித்தார்கள். நல்ல காற்று இருந்த நாட்களில் அவர்கள் முடிவெடுக்கும் திறன் வெகுவாகக் கூடியிருந்தது. இதில் எனக்குச் சந்தேகமில்லை. உறுத்துவது வேறு. காற்று நல்லது என்பதற்கு, அதைச் சுவாசிக்கிறவன் நன்றாக முடிவெடுப்பான் என்ற காரணம் தேவைப்பட்டிருக்கிறது. கட்டடத்தின் சொந்தக்காரரிடம் பேச வேறு பாஷை இல்லை. அப்படியென்றால் முடிவெடுக்கும் வேலையில் இல்லாதவன்? கழிப்பறை கழுவுகிறவளுக்கு எதற்கு நல்ல காற்று என்பதற்கு அந்தப் பாஷையில் வாக்கியம் அமைக்க முடியாது.

இந்தத் தர்க்கத்தை ஒரு முழு ஊராகவே கட்டிப் பார்த்தவர் ஜார்ஜ் புல்மன். ரயில்களில் படுக்கை வசதிகொண்ட பெட்டிகள் செய்தவர். 1880-ல் சிகாகோவுக்குத் தெற்கே தன் தொழிற்சாலையைச் சுற்றித் தொழிலாளர்களுக்காக ஊர் கட்டத் தொடங்கினார். செங்கல் வீடுகள், குழாய்த் தண்ணீர், சாக்கடை, காஸ், பூங்கா, ஏரி, நூலகம், தியேட்டர். அக்காலத்துச் சிகாகோவின் தொழிலாளர் சேரிகளோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம். இது தர்மம் அல்ல என்பதில் புல்மனுக்குப் பெருமை. ஊர் தன் முதலீட்டுக்கு 6 சதவீதம் வருமானம் தரவேண்டும் என்பது திட்டம். சுத்தமான சூழலில் வாழும் தொழிலாளி நன்றாக வேலை செய்வான் என்பதும் கூடவே இருந்த நம்பிக்கை. இன்றைய சான்றிதழ்க்காரர்கள் சொல்வதில் புல்மன் சொல்லாதது அதிகமில்லை.

சில விவரங்கள் விசித்திரமானவை. நூலகத்துக்கு வருஷச் சந்தா 3 டாலர்; தொழிலாளிகளில் பலர் சேரவில்லை. பச்சைக் கல்லில் அழகான ஒரு தேவாலயம் கட்டினார்கள். அதற்கும் வாடகை உண்டு. அதைக் கொடுக்க எந்தச் சபைக்கும் கட்டுப்படியாகாததால் அது வருஷக்கணக்கில் காலியாகவே கிடந்தது. தொழிலாளி குடிக்கக் கூடாது என்று ஊரில் சாராயக் கடை கிடையாது. ஓட்டலில் மட்டும் ஒரு பார், விருந்தினர்களுக்கு. வீட்டை யாரும் விலைக்கு வாங்க முடியாது. பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் எலி இந்த ஊரைப் பார்த்துவிட்டு 1885-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஊரின் அழகையும் சுத்தத்தையும் தாராளமாக ஒப்புக்கொண்டவர், அங்கே இருப்பவர்களுக்குத் தங்கள் ஊர் விஷயத்தில் பேச்சே இல்லை என்பதைக் கண்டு கலங்கினார்.

1893-ல் பொருளாதார மந்தம் வந்தது. புல்மன் கூலியைக் கால்வாசி அளவுக்குக் குறைத்தார். வாடகையைக் குறைக்கவில்லை. அவர் தர்க்கப்படி அது நியாயம்தான்: தொழிற்சாலைக் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு, இரண்டும் தனித்தனியே லாபம் காட்டவேண்டும். 1894 மே மாதம் வேலைநிறுத்தம் தொடங்கியது. ரயில்வே முழுக்கப் பரவி, ராணுவம் வந்து, உயிர்கள் போயின. இதற்கெல்லாம் பிறகு, 1896-ல் பிராகில் நடந்த சுகாதாரக் கண்காட்சியில் உலகிலேயே மிகச் சிறந்த ஊர் என்று அந்த ஊருக்குப் பரிசு கொடுத்தார்கள். சாக்கடையும் குழாயும் மாறவில்லையே. 1898-ல் இல்லினாய் உச்ச நீதிமன்றம், ரயில்பெட்டி செய்யும் கம்பெனிக்கு ஊர் நடத்த அதிகாரமில்லை என்று வீடுகளை விற்கச் சொல்லிவிட்டது.

புல்மன் மோசமான மனிதர் என்று சொல்லி இதை முடித்துக்கொள்வது சுலபம். அங்கே இருந்தவர்களின் உடம்பு நன்றாகவே இருந்திருக்கும். நல்ல தண்ணீரைக் குடித்துக்கொண்டே அவமானப்படுவது சாத்தியம் என்பதுதான் விஷயம். அவர்கள் வாடகையும் கொடுத்து, நன்றியும் சொல்லவேண்டியிருந்தது. விலை கொடுத்து வாங்கியதற்கு நன்றி எதற்கு? தர்மமாகக் கொடுத்ததற்கு வாடகை எதற்கு? லாபமும் கருணையும் சேரும் இடத்தில் இரண்டு கடன்களும் ஒருவன் தலையிலேயே ஏறுகின்றன.

இங்கே திண்ணையைக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். வழிப்போக்கனுக்காக வாடகையில்லாமல் நிழல் தந்த நம் மரபு என்பார்கள். திண்ணை நல்ல கட்டடக்கலைதான். ஆனால் எந்தத் தெருவின் திண்ணையில் எந்த வழிப்போக்கன் உட்கார முடிந்தது? அங்கேயும் ஒரு கண்ணாடிக் கதவு இருந்தது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

லாபமும் அல்லாமல், கருணையும் அல்லாமல் வேறொரு வழியில் நல்லது வந்து சேர்வதை 2021-ல் பார்த்தோம். அந்த வருஷம் செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் 1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் உட்கார இருக்கை இருக்கவேண்டும். வேலைக்கு நடுவே கிடைக்கும் சந்தர்ப்பத்தில் அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம். கேரளம் இதை 2018-லேயே செய்துவிட்டது. தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு 1948-ம் வருஷச் சட்டத்திலேயே இருக்கை சொல்லப்பட்டிருந்தது. ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு அது வந்துசேர 73 வருஷம். தி. நகர் ரங்கநாதன் தெரு மாதிரியான இடத்தில் ஒரு நாற்காலி பிடிக்கும் சதுர அடிக்கு என்ன விலை என்பது எனக்குத் தொழில்முறையில் தெரியும். தாமதத்தின் ஒரு பாதியை அது விளக்கும். மறுபாதியை விளக்காது. ஒரு முக்காலியை கவுன்ட்டருக்குக் கீழே தள்ளிவிட்டால் இடமே பிடிக்காது.

தமிழில் உட்காருவது வெறும் உடல்நிலை அல்ல. யார் முன்னால் யார் உட்காரலாம் என்பதில் நம் சமூகத்தின் இலக்கணமே இருக்கிறது. வாடிக்கையாளர் வரும்போது விற்பனைப் பெண் உட்கார்ந்திருந்தால் அது மரியாதைக் குறைவு என்று முதலாளி மட்டும் நினைக்கவில்லை; சேலை வாங்கப் போகும் நாமும் நினைக்கிறோம். புடைத்துக்கொண்ட காலின் நரம்புகள் மருத்துவ விஷயம். அதற்குக் காரணமானது மருத்துவ விஷயம் அல்ல. அதனால்தான் 'உட்காரும் உரிமை' என்ற பிரயோகம் முதலில் கேட்கும்போது வேடிக்கையாகவும், யோசித்தால் பயங்கரமாகவும் இருக்கிறது. உரிமையாக வந்த நாற்காலிக்கு யாருக்கும் நன்றி சொல்லவேண்டாம். அதில் உட்காருகிறவள் நன்றாக விற்பாள் என்று நிரூபிக்கவும் வேண்டாம். அவளுக்குக் கால் வலிக்கிறது என்பதே போதுமான வாக்கியம். சமீபத்தில் நான் போன ஒரு கடையில் முக்காலிகள் இருந்தன. ஒன்றில் பிரித்துக் காட்டிய சேலைகளை மடித்து அடுக்கியிருந்தார்கள். மற்றொன்றில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

ஆனால் சட்டம் எண்ணக்கூடியதைத்தான் தரும். நாற்காலியை எண்ணலாம். ஜன்னலின் பரப்பை அளக்கலாம். கட்டட விதிகள் அளக்கவும் செய்கின்றன. 1984-ல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆராய்ச்சி இந்த இடத்தில் என்னைத் தடுத்து நிறுத்துகிறது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972-லிருந்து 1981 வரை பித்தப்பை அறுவைசிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் குறிப்பேடுகளை அவர் ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சராசரியாக 7.96 நாட்களில் வீடு திரும்பினார்கள். செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் 8.70 நாட்களில். வலிக்கான கடுமையான மருந்தும் முதல் வகுப்பாருக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. கவனிக்கவேண்டியது, இரு சாராருக்கும் ஜன்னல் இருந்தது. விதிப்படி இரண்டும் ஜன்னல்தான்.

இங்கிலாந்தில் 1610-ல் ஆல்டிரெட் என்பவர், பக்கத்து மனைக்காரர் தன் வீட்டை ஒட்டிப் பன்றித்தொழுவம் கட்டி வெளிச்சத்தையும் காற்றையும் கெடுத்துவிட்டதாக வழக்குப் போட்டார். வெளிச்சமும் நல்ல காற்றும் அவசியம், அவற்றைக் கெடுத்தால் வழக்குச் செல்லும் என்றது நீதிமன்றம். ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி மட்டும் வெறும் சந்தோஷ விஷயம், அதற்கு வழக்கில்லை என்று பிரித்துவிட்டது. நம்முடைய 1882-ம் வருஷச் சட்டத்திலும் 20 வருஷம் தடையில்லாமல் அனுபவித்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் பாத்தியதை உண்டு.

அடமானத்துக்கு வரும் பழைய கிரயப் பத்திரங்களைப் படிப்பது என் வேலைகளில் ஒன்று. நான்கெல்லை சொல்லி, அதற்குள் அடங்கிய ஜலம், தரு, பாஷாணம், நிதி, நிக்ஷேபம் என்று அவை அடுக்கிக்கொண்டு போகும். கிணற்றுத் தண்ணீர், மரம், கல், பூமிக்குள் புதைந்திருக்கக்கூடிய புதையல்கூட விற்கப்பட்டுவிடும். எதிர்மனையில் நிற்கும் மரத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை; அது நான்கெல்லைக்கு வெளியே, இன்னொருவர் பத்திரத்தில் தருவாக இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு ஒருவர் இந்தப் பக்கத்து ஜன்னலில் படுத்திருக்கிறார். எதிர்மனைக்காரர் அதை வெட்டிவிட்டு வணிக வளாகம் கட்டலாம். ஆரோக்கியச் சான்றிதழ் பெற்ற வளாகமாகவே கட்டலாம். படுத்திருப்பவர் எந்தப் பாத்தியதையைச் சொல்லிக்கொண்டு போய் அவர் வாசலில் நிற்பது?