பயின்ற கை யாருடையது?

இலங்கையின் கேகாலை மாவட்டத்தில் இறப்பர் பால் வெட்டுவது கையும் கண்ணும் சேர்ந்து பழக வேண்டிய வித்தை. பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கத்தி சற்று ஆழமாக இறங்கினால் மரம் காயப்பட்டு, மறுபடி வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். இந்தப் பயிற்சியை ஒரு கம்பனி கொடுத்தால் வளர்ந்தது தோட்டமா, தொழிலாளரா? இரண்டும்தான் என்பது மனிதவள அபிவிருத்தித் துறையின் வழக்கமான விடை. எனக்கு அதில் அவசரம் தெரிகிறது. வள்ளுவர் இரண்டையும் தனித்தனியே வைத்துப் பேசினார். யாரிடம் எந்த வேலையை ஒப்படைப்பது என்று அரசனுக்குச் சொல்வது 52ஆம் அதிகாரமான தெரிந்து வினையாடல். கல்வி 40ஆம் அதிகாரம். அங்கே ஒரு பிறப்பில் கற்றது ஏழு பிறப்புக்கும் கற்றவருக்கே துணை. (இரண்டும் பொருட்பாலின் அரசியலில்தான் வருகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) அரசன் வேலையைக் கொடுக்கலாம், பறிக்கலாம்; கற்றதைப் பறிக்க முடியாது. மறுபிறப்பை நம்பாதவரும் இந்த நியாயத்தை ஏற்கலாம்.

பொருளியலும் சுற்றிவளைத்து இதே இடத்துக்குத்தான் வருகிறது. மனிதரை மூலதனமாகப் பார்ப்பது இழிவு என்ற தயக்கத்தைத் தியோடர் ஷுல்ட்ஸ் 1960இல் எடுத்துப் பேசி மறுத்தார். 1964இல் கேரி பெக்கர் பயிற்சியை இரண்டாகப் பிரித்தார்: ஒரே நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படுவது, எங்கே போனாலும் பயன்படுவது. இரண்டாவதன் செலவைப் பயிற்சிக் காலத்துக் குறைந்த கூலியின் வழியே தொழிலாளரே சுமக்கிறார் என்பது அவர் கணக்கு. பால் வெட்டு இந்த இரண்டாம் வகை. சிறு இறப்பர்க் காணிகள் நிறைந்த கேகாலையில் தோட்டத்தில் பழகிய கைக்கு வெளியிலும் கூலி உண்டு. ஆகவே அபிவிருத்தி என்ற பெயருக்கு நான் வைக்கும் சோதனை இது: பயிற்சியின் அத்தாட்சி கம்பனியின் கோப்பில் கிடக்கிறதா, தொழிலாளரின் கையில் இருக்கிறதா? வகுப்பில் கற்காத அனுபவத்தையும் மதிப்பிட்டுச் சான்றிதழ் தர இலங்கையின் தேசிய தொழிற்தகைமை முறையில் இடமுண்டு.

பலன் யாருக்கு என்ற பேச்சு வந்ததும் சிலர் கீதையைக் கொண்டுவருவார்கள். கல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்தில் எஸ்.கே. சக்கரவர்த்தி வேதாந்தத்தையும் நிஷ்காம கர்மத்தையும் நிர்வாகக் கல்விக்குள் கொண்டுவந்தவர். அவரது முயற்சியை மதிக்கலாம். ஆனால் பலனில் பற்று வைக்காதே என்பது செய்பவர் தமக்கே விதித்துக்கொள்ள வேண்டிய ஒழுக்கம். முதலாளி அதைத் தொழிலாளருக்குப் போதிக்கும்போது, ஒருவர் துறந்த பலன் யார் பெட்டிக்குப் போகிறது என்ற கேள்வி எழுகிறது. அர்ச்சுனனுக்கு உபதேசித்த கண்ணன் அந்தப் போரில் தனக்கென எந்த நாட்டையும் கேட்கவில்லை.

பயிற்சி பெற்றவர் விட்டுப் போய்விட்டால் கம்பனிக்கு நட்டமில்லையா என்பதும் நியாயமான கேள்விதான். செலவழித்த பணத்துக்கு இத்தனை மாதம் வேலை செய்ய வேண்டும் என்று எழுதிக் கையொப்பம் வாங்கலாம். இரு தரப்பும் அறிந்து செய்யும் அந்த உடன்பாட்டில் குற்றமில்லை. தவணை முடிந்த பிறகும் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்வது வேறு விடயம், அது அடகு.