சும்மா கிடைத்த டிக்கெட்

சென்ற டிசம்பரில் என் கணவர் தன் பள்ளி நண்பர்களோடு கோவா போய் வந்தார். விமான டிக்கெட்டுக்கு அவர் பணம் கட்டவில்லை. கிரெடிட் கார்டில் சேர்ந்திருந்த புள்ளிகளைக் கொடுத்து எடுத்துவிட்டார். கிளம்பும் அன்று பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். "நமக்கு ஒரு ரூபா செலவில்ல, சும்மா கிடைச்ச டிக்கெட்" என்றார். அவர் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்கு அந்தச் 'சும்மா' என்ற சொல் மனதில் மாட்டிக்கொண்டது. யாராவது என்னிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் நானும் அதே சொல்லைத்தான் சொல்கிறேன்: "சும்மா வீட்லதான் இருக்கேன்."

நாங்கள் கூடலூர் பக்கம் தேவர்சோலையில் இருக்கிறோம். கணவருக்கு உரக் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் வேலை. நான் முன்பு ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் நின்றுவிட்டேன். இப்போது மாலையில் நாலைந்து பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் அவர் தன் கார்டோடு சேர்த்து எனக்கும் ஓர் ஆட்-ஆன் கார்டு வாங்கித் தந்தார். "இனிமே எல்லாத்தையும் இதுல போடு, பாயின்ட் சேரும், ஃபிளைட்ல போகலாம்" என்றார். கார்டில் என் பெயர் அச்சாகியிருந்தது. பில்லும் புள்ளியும் அவர் கணக்கில் ஏறும். புள்ளியை எடுக்க வேண்டுமென்றால் ஓடிபி அவர் போனுக்குத்தான் வரும்.

அதுவரை மளிகை தேவர்சோலை பஜாரில் ஒரே கடையில்தான். அங்கே பற்று நோட்டு உண்டு. கடைக்காரரின் மனைவிதான் அதை எழுதுவார். கார்டைத் தேய்த்தால் இரண்டு சதவீதம் கூடக் கேட்டார்கள். அதனால் மாதம் இரண்டு முறை கூடலூருக்கு பஸ் ஏறி, சூப்பர் மார்க்கெட்டில் வாங்கி, இரண்டு கையிலும் பையோடு திரும்பி வரப் பழகினேன். மழை மாதங்களில் ஆட்டோ. எந்தச் செலவுக்குப் புள்ளி உண்டு, எதற்குக் கிடையாது, பில் தேதி முடிவதற்கு முன் எதைக் கட்டினால் லாபம், எந்த மாதம் எவ்வளவு செலவானால் கூடுதல் புள்ளி என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். மகளின் கல்லூரிக் கட்டணம், இன்சூரன்ஸ், கரண்ட் பில், சிலிண்டர், ரீசார்ஜ் எல்லாம் கார்டில். மாதக் கடைசியில் கட்ட வேண்டிய தேதியை அவருக்கு நினைவூட்டுவதும் நான்தான்.

அவர் கோவாவில் இருந்த நாட்களில் அந்த நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். எங்கள் கார்டில் 100 ரூபாய்க்கு 2 புள்ளி. விமான டிக்கெட்டுக்கு மாற்றினால் ஒரு புள்ளிக்கு 25 காசு. மூன்று ஆண்டில் நாங்கள் கார்டில் செலவழித்தது சுமார் 18 லட்சம். புள்ளி 36,000. பணமாகப் பார்த்தால் 9,000 ரூபாய். அதாவது நூறு ரூபாய் செலவழித்தால் ஐம்பது காசு. மளிகையை மட்டும் தனியாகப் பார்த்தேன். மாதம் 12,000 ரூபாய்க்கு 60 ரூபாய். மழைக்கால ஆட்டோ அதை விழுங்கி மேலும் கேட்கும். சுமந்து வந்த நேரத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நேரத்துக்கு ஒரு கணக்கு இருக்கத்தான் செய்கிறது. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடமும், அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள். வீட்டுக்குப் பொருள் வாங்குவதும் அந்த வேலைகளில் ஒன்று. ஆக, செலவழிப்பது உழைப்பு என்பதை அரசின் புள்ளிவிவரமே ஒப்புக்கொள்கிறது. நாம்தான் அதைக் 'கடைக்குப் போய்ட்டு வர்றது' என்கிறோம்.

இந்தப் புள்ளி வியாபாரத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1896இல் அமெரிக்காவில் ஸ்பெர்ரி அண்ட் ஹட்சின்சன் என்ற நிறுவனம் கடைகளுக்குப் பச்சை வில்லைகளை விற்றது. பொருள் வாங்குகிறவர்களுக்குக் கடைக்காரர் வில்லை கொடுப்பார். பெண்கள் அவற்றை வீட்டில் புத்தகத்தில் ஒட்டி, நிறைந்ததும் பாத்திரமோ விளக்கோ வாங்கிக்கொள்வார்கள். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், அடிக்கடி பறக்கிறவர்களுக்கு மைல் கணக்கு வைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1987இல் அதைச் சிட்டி பேங்கின் கிரெடிட் கார்டோடு சேர்த்தார்கள். அதன்பின் பறக்காதவர்களும் மைல் சேர்க்கலாம். வீட்டில் அரிசி வாங்கினாலும் மைல். வில்லையை ஒட்டியவளின் கையில் அந்தப் புத்தகமாவது இருந்தது. பரிசு பாத்திரத்திலிருந்து விமானமாக மாறியபோது, கணக்கும் யாருக்குச் சம்பளமோ அவர் பெயருக்குப் போய்விட்டது.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. பில்லைக் கட்டுவது அவர் சம்பளம். ஒரு மாதம் கட்டத் தவறினால் கடன்காரர் அவர்தான், நான் இல்லை. பொறுப்பு யாருடையதோ பலனும் அவருடையது என்று சொன்னால் அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

இதை யோசித்தபோது 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு நினைவுக்கு வந்தது. கணவர் வளைகுடாவில் சம்பாதித்தார், மனைவி ஊரில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். கணவரின் பணத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்குப் பங்கு உண்டா என்பது வழக்கு. நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, சம பங்கு உண்டு என்றார். மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்வதால்தான் கணவரால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிகிறது, எனவே அந்தச் சொத்தில் அவளுடைய பங்களிப்பும் இருக்கிறது என்பது அதன் சாரம். சொத்துக்கே அப்படியென்றால் இந்த ஒன்பதாயிரம் ரூபாய் எம்மாத்திரம்! ஆனால் யாரும் ஒன்பதாயிரத்துக்காக நீதிமன்றம் போவதில்லை. பெண்களுக்குக் கிடைக்காமல் போவதில் பெரும்பகுதி, கேட்டால் அற்பமாகத் தெரியும் அளவுகளில்தான் போகிறது.

அடுத்த மறுப்பை என் அக்கா சொன்னாள். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள கணக்குப் பார்த்தா அது குடும்பமா?" இந்தக் கேள்வி என்னை உண்மையிலேயே தடுத்தது. பிள்ளைக்குச் சோறு ஊட்டியதற்கும் அம்மாவுக்குக் கால் பிடித்துவிட்டதற்கும் ரசீது போட்டு வாழ எனக்கும் விருப்பமில்லை. ஆனால் எங்கள் வீட்டில் கணக்கு பார்க்கப்படாமல் இல்லையே. நான் வாங்கிய ஒவ்வொரு கிலோ பருப்பையும் கார்டு கம்பெனி எண்ணிக்கொண்டுதான் இருந்தது. எண்ணி, ஒரே ஒருவர் பெயரில் எழுதியது. கணக்கே வேண்டாம் என்றால் அது எல்லோருக்கும் வேண்டாம் என்று இருக்க வேண்டும். எழுதப்பட்ட கணக்கைப் படிக்கக் கூடாது என்று எனக்கு மட்டும் சொல்வது எப்படிக் குடும்ப தர்மம் ஆகும்?

ஆக அந்தப் புள்ளிகள் என் உழைப்பின் கூலி, என்னுடையவை என்று முடித்துவிடலாமா? அங்கேதான் என் நியாயமும் இடறுகிறது. கம்பெனி என் உழைப்பைப் பார்த்துக் கூலி கொடுக்கவில்லை. கார்டு தேய்க்கப்படும் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் ஒரு கமிஷன் கட்டுகிறார். அதை விலையில் ஏற்றித்தான் ஆக வேண்டும். அந்த விலையைப் பணமாகக் கொடுத்து வாங்குகிறவரும் தருகிறார். பில்லை முழுதாகக் கட்ட முடியாதவர்கள் மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டுகிறார்கள். அதுவும் இந்தப் பரிசுகளுக்குப் போகிறது. கூடலூர் சூப்பர் மார்க்கெட்டில் எனக்கு முன்னால் வரிசையில் நின்று, இடுப்புப் பையிலிருந்து நோட்டுகளை எண்ணிக் கொடுத்த எஸ்டேட் பெண்ணுக்கு எந்தப் புள்ளியும் ஏறவில்லை. கோவா டிக்கெட்டில் அவளுடைய காசும் சில பைசா இருக்கும். தேவர்சோலைக் கடையில் நோட்டு எழுதிய பெண்ணிடமிருந்து நான் வியாபாரத்தை எடுத்துக்கொண்டு போனதும் இதற்காகத்தான். என் உழைப்பு 'சும்மா' இல்லை என்று சொல்ல வந்தவள், அவர்கள் கொடுத்ததைச் 'சும்மா' என்று வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படி வந்தவர்களில் அம்மாவின் குடும்பமும் ஒன்று. 1974இல் பதினான்கு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். குடும்ப அட்டை தாத்தா பெயரில். அம்மா அதில் ஒரு வரி. பிறகு அரசின் டேன்டீ தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்று, இப்போது என்னோடு இருக்கிறார். பிறந்த லயத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் புள்ளிகளில் அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிப் போகலாம் என்றுதான் நான் நோட்டு எழுதத் தொடங்கினேன். அதை வெளியே சொல்லாமல் விட்டது என் தவறு.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கு பஸ்ஸு போதும் புள்ள. ஏறுனா ஏறுனதுதான். யாருகிட்டயும் கேக்க வேணாம்" என்றார். அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது 2021 மே மாதம் வந்தது. மலைப்பகுதிகளுக்கும் அது நீட்டிக்கப்படும் என்ற அறிவிப்பு 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில்தான் வந்தது. அதற்குப் பிறகு அம்மா இரண்டு பஸ் மாறி கொளப்பள்ளியில் இருக்கும் சித்தியைப் பார்க்க வாராவாரம் போகிறார். முன்பெல்லாம் பஸ் காசுக்கு என்னிடம் கேட்பார், நான் கணவரிடம் கேட்பேன். இப்போது செருப்பை மாட்டிக்கொண்டு, "போய்ட்டு வாரேன்" என்று வாசலில் நின்று சொல்கிறார். அந்தப் பயணத்துக்கு அவர் எதையும் வாங்கிச் சேர்க்க வேண்டியதில்லை. யாருடைய கணக்கிலும் அவர் ஒரு வரியாக இருக்க வேண்டியதில்லை.

மகளிருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டம் 2023 செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கியபோது அதற்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள். எங்கள் வீட்டு வருமானத்துக்கு அது கிடையாது. ஆனாலும் அந்தப் பெயரில் ஒரு சிந்தனை இருக்கிறது. உதவி என்றால் கொடுப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். உரிமை என்றால் வேண்டாம்.

கணவர் திரும்பி வந்ததும் பேசினேன். முதலில் சிரித்தார். பிறகு அவர் முகம் வாடிவிட்டது. "இதுக்குப் போயா? சரி, அடுத்த தடவை நானே உங்க அம்மாவுக்கு டிக்கெட் போட்டுத் தர்றேன்" என்றார். மனதாரச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். "நீங்க தர வேண்டாங்க. எதுக்கு எடுக்கறதுன்னு ரெண்டு பேரும் உக்காந்து முடிவு பண்ணுவோம். கோவான்னாலும் சரி, கொழும்புன்னாலும் சரி" என்றேன். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு, ஆப்பை எப்படித் திறப்பது என்று காட்டித் தந்தார். ஓடிபி இன்னும் அவர் போனுக்குத்தான் வருகிறது. அதை மாற்ற வழியில்லையாம்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்பதாயிரம் ரூபாய் அல்ல. அதில் பாதியுமல்ல. சேர்த்த கையைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்பதுதான். அதையே என் பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. மளிகை இப்போது மறுபடியும் பஜார் கடையில். புள்ளி கிடையாது. பற்று நோட்டில் என் பெயருக்குப் பழைய பக்கத்தைத் தாண்டி ஒரு புதுப் பக்கம் போட்டிருக்கிறார் அந்தப் பெண். கல்லூரிக் கட்டணமும் இன்சூரன்ஸும் மட்டும் கார்டில் போகின்றன. இதனால் உலகத்தின் கணக்கு நேராகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. கல்லூரிக் கட்டணத்தில் வரும் புள்ளியும் யாரோ ஒருவர் கட்டிய வட்டிதான்.

போன மாதம் அம்மாவுக்குப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தோம். டிக்கெட்டுக்குக் குறைகிற பணத்தை என் டியூஷன் காசில் போடுவதாக இருக்கிறேன். விண்ணப்பத்தில் பெயரை எழுதியபோது அம்மா கேட்டார், "கூட யாரு பேரு போடணும்?" யார் பெயரும் வேண்டாம்மா, இது உனக்கு மட்டும்தான் என்றேன். அம்மா நம்பாமல் இன்னொரு முறை கேட்டார்.