சிறைக்கோட்டமும் சார்பும்

சிறையிலுள்ளாரைத் தொண்டர் சென்று காண்டலாற் பயனுண்டோ என்னும் வினா நம் அன்பர் சிலரிடை எழுந்தது. பிராரத்தம் நுகர்ந்தே கழிதற்பாலது. ஆகலின் தண்டம் நுகர்வானிடைப் பிறர் புகுதல் வினைப்பயனைத் தடுத்தலாம் என்பர் ஒரு சாரார். இக்கூற்றை யாம் உடன்படேம். தொண்டர் சிறைக்கதவைத் திறந்துவிடுவாரல்லர். நீதிமன்றம் விதித்த தண்டத்தில் ஒரு நாளும் அவர் வருகையாற் குறையாது. அவ்வருகை சென்று பற்றுவது, விடுதலைக்குப்பின் அவன் ஈட்டவிருக்கும் ஆகாமியத்தையே.

உயிர் தனித்து நில்லாது, சார்ந்ததன் வண்ணமாய் நிற்குமென்பது சித்தாந்தத் துணிபு. கள்வரோடு பல்லாண்டு உறைவான் வேறெவ்வண்ணத்தைப் பெறுவான்? சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலங்கழீஇயினார்க்கும் அன்பரொடு கூடுதலை விதித்தது. அவர்க்கே இணக்கம் வேண்டப்படுமாயின், மலத்துள் அழுந்தினார்க்கு அஃது எத்துணை வேண்டற்பாலது!

இது வெறும் நூல்வழக்கன்று. அமெரிக்க நாட்டு மின்னசோட்டா மாநிலச் சிறைத்துறையார், 2003 முதல் 2007 வரை விடுதலை பெற்ற 16,420 பேரை ஆராய்ந்து, 2011-இல் முடிபு வெளியிட்டனர். காண வருவாரைப் பெற்றவர் மீண்டும் பெருங்குற்றத்திற்காகத் தண்டனையடையும் வாய்ப்பு, பிற வேறுபாடுகளையும் கணக்கிற் கொண்டவிடத்து, 13 விழுக்காடு குறைந்திருந்தது. தந்தையர், உடன்பிறந்தார், சமயகுரவர் ஆகியோர் வருகை பெரிதும் நலந்தந்தது. மணவுறவு அறுத்துக்கொண்டார் வருகையோ தீங்கை மிகுவித்தது. எச்சார்பாயினும் நன்றென்பது பொருளன்று என்பதை இது நன்கு விளக்கும். அடுத்தடுத்து வந்த வருகையும், விடுதலைநாளை அணுகி வந்த வருகையும் மிக்க பயனுடையவாயின என்பதும் ஆண்டுக் காணப்பட்டது.

தந்தையும் உடன்பிறந்தாரும் இல்லாதான், அன்றி அவராற் கைவிடப்பட்டான் என் செய்வான்? தொண்டர்க்குரிய இடம் இதுவே. (மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள் என்பது பௌத்த காப்பியமாயினும், அச்செயலை இகழ்வார் நம்முள் யாருளர்?) ஆயினும், 'இவனை யான் திருத்துவேன்' என்று செல்வார் செல்லாதிருத்தலே நன்று. அவர் உடன்கொண்டு செல்வது ஆணவத்தை. அதனைச் சிறையிலுள்ளான் முதற் பார்வையிலேயே அறிந்துகொள்வான். அவன் ஊரும் தாயும் தொழிலும் வினவி, அவன் கூறுவதைக் கேட்டிருத்தல் சாலும். உபதேசம் அவன் வேண்டியபோது ஆகுக.

பிறிதொன்றும் உண்டு. சில திங்கள் ஆர்வத்தோடு சென்று, பின் இடைவிடுவார் பலர். ஒன்றை விட்ட உயிர் மற்றொன்றைப் பற்றாதிராது. விடுதலைநாளில் வாயிற்புறத்தே தொண்டர் நில்லாராயின், அவனை எதிர்கொள்ள வந்து நிற்போர் பெரும்பாலும் பழைய கூட்டத்தாரே.