எந்தப் பனியை விரும்பப் போகிறோம்?

1965-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் நகரில், ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர் தம் மகளின் விளையாட்டுக்காக இரண்டு ஸ்கீகளை ஒட்டிவைத்து ஒரே பலகையாக இணைத்தார். ஸ்னர்ஃபர் என்று பெயர் பெற்ற அந்தப் பலகையிலிருந்துதான் இன்றைய ஸ்னோபோர்டு வளர்ந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1990-களில், யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த வோலே நிறுவனம் அந்த இணைப்பைப் பிரித்தது. ஸ்னோபோர்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, வேண்டும்போது பிரிக்கவும் சேர்க்கவும் உதவும் உதிரிபாகங்களை அது விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஸ்ப்ளிட்போர்டு எனப்படும் அந்தப் பிரியும் பலகை பரவலானது அப்படித்தான்.

தேவை எளிமையானது. ஸ்கீ அணிந்தவர் மலையேறவும் முடியும். இரு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டவரால் முடியாது. இழுவை நாற்காலி இல்லாத மலைகளில் அவர் பலகையை முதுகில் சுமந்துகொண்டு, பனிக்காலணியோடு ஆழப் பனியில் புதைந்து புதைந்து நடக்க வேண்டியிருந்தது. ஸ்ப்ளிட்போர்டில் ஏறும்போது இரு பாதிகளும் இரண்டு ஸ்கீகள். அவற்றின் அடியில் ஒட்டப்படும் ஸ்கின் என்ற பட்டையின் இழைகள் முன்னோக்கி வழுக்கும், பின்னோக்கிப் பிடித்துக்கொள்ளும். உச்சியை அடைந்ததும் ஸ்கின்னை உரித்து, பாதிகளைக் கொக்கிகளால் இணைத்து, பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்குகளைக் குறுக்காகப் பூட்டினால் ஸ்னோபோர்டு தயார்.

இதை முதன்முறை வாங்கப்போகிறவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பவுடர் என்று ஆர்வலர்கள் அழைக்கும் புதிய, உலர்ந்த, ஆழமான பனிக்கு ஏற்றதாகவும், மற்ற எல்லாவற்றுக்கும் போதுமானதாகவும் இருக்கும் ஒரே பலகை எது? நியாயமான கேள்வி. பலகை, பைண்டிங், ஸ்கின், அதோடு பனிச்சரிவு மீட்புக் கருவிகள் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். இரண்டாவது பலகை பலருக்கும் எட்டாது. வழக்கமான பதில் எண்களில் வரும்: நீளம் இவ்வளவு, நடு அகலம் இவ்வளவு, எடை இவ்வளவு. அந்த எண்கள் தேவைதான். ஆனால் அவற்றைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம் என்பது என் எண்ணம். மலையடிவாரத்தில் நிற்கும் காலையில் எந்தச் சரிவின்மேல் நமக்கு ஆசை எழும் என்பதில் பலகைக்கும் பங்கு உண்டு.

முதலில் ஒரு நாளின் கணக்கைப் பார்ப்போம். சுமையோடு ஏறும் பழகிய ஒருவர் மணிக்கு முந்நூறு மீட்டர் அளவுக்கு உயரம் ஏறுவார். தொள்ளாயிரம் மீட்டர் ஏற மூன்று மணி நேரம். அதே உயரத்தை இறங்க, இடையிடையே நின்று தோழர்களுக்காகக் காத்திருந்தாலும், அரை மணி நேரம் தாராளம். ஆகவே ஸ்ப்ளிட்போர்டு தன் வாழ்நாளின் பெரும்பகுதியை ஸ்கீயாகவே கழிக்கிறது. வாங்கும்போது இறங்கும் நிமிடங்களை மட்டும் மனத்தில் வைப்பவர், ஏறும் மணிகளைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்.

ஏறும்போது பேசுவது பலகையின் வளைவு. காலுக்கடியில் சற்றே மேலெழுந்து நிற்கும் வளைவைக் கேம்பர் என்பார்கள். உடல் எடை அழுத்தும்போது அது நேராகி, ஸ்கின்னை நீளம் முழுவதும் பனியோடு ஒட்டவைக்கும். முனைகள் மேல்நோக்கி வளைந்த ராக்கர் வடிவம் ஆழப் பனியில் மிதப்பதற்கு நல்லது; ஆனால் பலகை முழுவதும் ராக்கராக இருந்தால் செங்குத்தான ஏறுதடத்தில் ஸ்கின்னின் முனைகள் பனியைத் தொடாமல் பிடி தளரும். அதைவிடக் கடினமானது, உறைந்த சரிவைக் குறுக்காகக் கடப்பது. அகலமான பாதிப்பலகையின் எஃகு விளிம்பு கடினப் பனியில் பதிய மறுக்கும். மென்மையான ஸ்னோபோர்டு பூட்ஸ் கணுக்காலில் மடங்கும். கீழே விழுந்தால் எங்கே போய் நிற்போம் என்ற எண்ணம் ஒவ்வோர் அடியிலும் கூடவே வரும். இந்த இடத்தில் கேம்பரும், அளவான அகலமும், பைண்டிங்கின் அடியில் பொருத்தும் பல்வரிசை கொண்ட கிராம்பானும் உதவும். எடையும் அப்படித்தான். காலில் கட்டிய ஒவ்வொரு நூறு கிராமையும் ஆயிரக்கணக்கான அடிகள் நகர்த்த வேண்டும். களைத்த உடல் பாதுகாப்பான சுற்றுவழியை வெறுக்கும், குறுக்குவழியை நேசிக்கும். அதனால்தான் எடையை வசதியின் கணக்கில் மட்டும் எழுதக் கூடாது.

இனி, பலரையும் இந்த வழிக்கு இழுக்கும் பவுடர் பனி. அதற்குப் பெயர்பெற்ற இடங்களில் ஒன்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், செல்கர்க் மலைத்தொடரில் உள்ள ராஜர்ஸ் கணவாய். பசிபிக் கடலின் ஈரம் குளிர்ந்த உள்நாட்டு மலைகளில் மோதி அங்கே பெரும்பனியாகக் கொட்டுகிறது. அந்தப் பனிக்கு ஒரு வரலாறும் உண்டு. 1910 மார்ச் 4 இரவு, ஒரு பனிச்சரிவு மூடிய ரயில் தடத்தைத் தொழிலாளர்கள் தோண்டிக்கொண்டிருந்தபோது, எதிர்ப்பக்க மலையிலிருந்து இன்னொன்று இறங்கி 58 பேரைக் கொன்றது. அவர்களில் 32 பேர் ஜப்பானியத் தொழிலாளர்கள். சில ஆண்டுகளில் ரயில்பாதையே கானாட் சுரங்கத்துக்குள் மாற்றப்பட்டது. 1962-இல் நெடுஞ்சாலை திறக்கப்பட்ட காலத்திலிருந்து கனடிய ராணுவத்தின் பீரங்கிகள் மேலே திரளும் பனியைச் சுட்டு, சாலையை மூடிவைத்த நேரத்தில் அதை விழவைத்துவருகின்றன. இன்று அந்த மலைகளுக்கு மக்கள் மகிழ்ச்சிக்காக ஏறுகிறார்கள். பனி மாறவில்லை. போகிறவர்களின் காரணம்தான் மாறியிருக்கிறது.

மகிழ்ச்சி தரும் பனியும் கொல்லும் பனியும் ஒரே புயலில் விழுகின்றன. புதுப்பனி கீழே உள்ள பழைய அடுக்கோடு பிணைய நேரம் வேண்டும். அடியில் சர்க்கரைபோல உதிரும் படிகங்கள் இருந்தால் வாரக்கணக்கில், சில பருவங்களில் மாதக்கணக்கில்கூட, அந்தப் பிணைப்பு ஏற்படாது. பலகைபோல் உடைந்து நழுவும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகை வரையிலான சாய்வில் கிளம்புகின்றன. செங்குத்தாக இறங்க விரும்புபவரின் கண் தேடுவதும் அதே சாய்வைத்தான். உயிர்பறித்த விபத்துகளை ஆராய்ந்தால், மிகப் பெரும்பான்மையானவற்றில் பனியை உடைத்துவிட்டது சிக்கியவரோ அவரோடு வந்தவரோதான். மலை தானாகத் தாக்குவது குறைவு. அதை எழுப்பிவிடுவது பெரும்பாலும் நம் எடை.

2003-ஆம் ஆண்டுக் குளிர்காலம் இதை மறக்க முடியாதபடி காட்டியது. பருவத்தின் தொடக்கத்தில் உருவான ஒரு பலவீன அடுக்கு ராஜர்ஸ் கணவாய் அமைந்த மலைப்பகுதியின் பனிக்கடியில் நீடித்திருந்தது. ஜனவரி 20 அன்று ரெவல்ஸ்டோக் நகருக்கு வடக்கே, செல்கர்க் மலைகளில் வழிகாட்டிகளோடு ஏறிக்கொண்டிருந்த குழுவின்மேல் பனிச்சரிவு இறங்கி ஏழு பேரைக் கொன்றது. அவர்களில் ஒருவர் க்ரெய்க் கெல்லி. நான்கு முறை உலக ஸ்னோபோர்டு சாம்பியன். புகழின் உச்சியில் போட்டிகளை விட்டுவிட்டு மலைகளைத் தேடிப் போனவர். ஸ்ப்ளிட்போர்டில் மலை வழிகாட்டிப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர். அப்போது அவருக்கு வயது 36. இரண்டு வாரங்களுக்குள், பிப்ரவரி 1 அன்று, ராஜர்ஸ் கணவாயருகே கானாட் ஓடைப் பள்ளத்தாக்கில் ஸ்கீயில் சென்ற பள்ளி மாணவர்கள் ஏழு பேர், மேலிருந்து தானாகக் கிளம்பிய பனிச்சரிவில் இறந்தார்கள். இந்தத் துயரங்களுக்குப் பிறகுதான் கனடாவில் பனிச்சரிவு எச்சரிக்கைக்கான தேசிய மையம் அமைந்தது. நிலத்தின் அமைப்பைக் கொண்டு பயணவழிகளைத் தரம்பிரிக்கும் முறையும் வந்தது.

கெல்லியைவிடத் தேர்ந்தவர்கள் மிகச் சிலரே. அவரது மரணத்துக்கு எந்தப் பலகையும் காரணமல்ல. எந்தப் பலகையும் அவரைக் காத்திருக்கவும் முடியாது. எனினும் அந்தச் சாவு ஏறும் வழியில் நேர்ந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஏறும் மணிகள் கிளர்ச்சியற்ற இடைவேளை அல்ல. அபாயத்தின் கீழே நாம் மிக மெதுவாக நகரும் நேரம் அதுவே.

அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்கேமன் பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து, மனித மனம் விழும் சில பொறிகளைப் பட்டியலிட்டார். பழகிய இடம் என்ற துணிவு, எடுத்த முடிவை விடமாட்டேன் என்ற பிடிவாதம், குழுவில் தேர்ந்தவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை ஆகியவற்றோடு இன்னொன்றையும் அவர் சேர்த்தார்: அரிதான ஒன்றைப் பிறர் எடுப்பதற்குமுன் அடைந்துவிட வேண்டும் என்ற அவசரம். யாரும் கால்வைக்காத பவுடர் பனியைப் போல அந்த அவசரத்தைத் தூண்டும் பொருள் மலையில் வேறில்லை.

பலகையின் பங்கு இங்கே தொடங்குகிறது. ஆழப் பனிக்கென்றே செய்த பலகை, அகன்ற மூக்கும் பிளந்த வாலும் மெல்லிய வளைதன்மையும் கொண்டது, தன் இடத்தில் அற்புதமானது. ஆனால் கடினமான பனியில் அது தடுமாறும். காற்று இறுக்கிய மேலோட்டில் விளிம்பு பிடிக்காமல் நடுங்கும். அப்படிப்பட்ட ஒன்றை மட்டும் வைத்திருப்பவருக்கு இன்பம் தரும் நாள்கள் சிலவே. அவை பெரும்பாலும் புயலை அடுத்த நாள்கள். பனி தன் பிணைப்பைத் தேடிக்கொண்டிருக்கும் அதே நாள்கள். தான் வாங்கிய பொருளே தன்னை ஒரு குறிப்பிட்ட பனிக்குக் கடன்பட்டவராக்கிவிட்டதை அவர் உணராமல் போகலாம்.

ஆகவே பலவகைப் பனிக்கும் ஏற்ற பலகையை அரைகுறைச் சமரசமாக நான் பார்க்கவில்லை. அது தரும் முதன்மையான பயன் விடுதலை. இன்றைக்குப் பவுடர் பனி பாதுகாப்பாக இல்லையென்றால் அதை விட்டுவிட்டு வேறொன்றில் மனநிறைவோடு போகும் விடுதலை.

அதற்கு மூன்று குணங்கள் வேண்டும். முதலாவது, மென்சரிவில் மிதக்கும் திறன். 30 பாகைக்குக் குறைந்த சரிவில், மேலே செங்குத்தான பகுதி எதுவும் தொங்கிக்கொண்டிருக்காவிட்டால், பனிச்சரிவு அபாயம் வெகுவாகக் குறைகிறது. ஆனால் ஆழப் பனியில் 25 பாகைச் சரிவு வேகம் தராது. மூக்கு புதையும் பலகை அங்கே நின்றுவிடும். நின்றவர் சலித்து, இன்னும் செங்குத்தான பக்கத்தைப் பார்ப்பார். மூக்கில் மட்டும் ராக்கர், மூக்கைவிடச் சற்று ஒடுங்கிய வால், கால்கள் சிறிது பின்தள்ளி நிற்கும் அமைப்பு, முதுகுச் சுமையையும் சேர்த்த எடைக்குத் தகுந்த நீளம் ஆகியவை இருந்தால், அதே சரிவு நாள் முழுவதும் மகிழ்ச்சி தரும். ஆழப் பனிக்கான வடிவமைப்பு செங்குத்துக்காக மட்டும் தேவைப்படுவதல்ல. பணிவான சரிவில் மகிழவும் அதுவே வேண்டும். பள்ளத்தாக்கின் சமதளத்தில் திரும்பிவரும்போது, ஸ்கீக்காரர் ஊன்றுகோலால் தள்ளிப்போகும் இடத்தில் ஸ்னோபோர்டுக்காரர் நின்றுபோகாமல் காப்பதும் அந்த வழுக்கும் திறன்தான்.

இரண்டாவது, கடினப் பனியில் பிடி. பைண்டிங்குகளுக்கு இடையே உறுதியான கேம்பரும், முறுக்கத்துக்கு வளையாத கட்டமைப்பும், விளிம்பு நீளம் போதுமான உடலும் இருந்தால் இளவேனிலின் உறைந்து இளகும் பனியும், காற்று இறுக்கிய முகடும் எதிரியாகாது. அந்தப் பலகையின் பருவம் நீளும். ஒரு புயலைத் தவறவிட்டால் எல்லாம் போயிற்று என்ற பதற்றம் குறையும். மூன்றாவது, ஏறுவதற்கான அடக்கம்: அளவான எடை, பூட்ஸின் விரல்நுனி பனியில் உரசாத அளவு அகலம், அதற்குமேல் வேண்டாம். பாதிகளைக் குளிரில் கையுறையோடு சேர்க்கக்கூடிய எளிய கொக்கிகளும் இதில் அடங்கும். காற்று வீசும் முகட்டில் அந்த வேலை நீளும் ஒவ்வொரு நிமிடமும் உடலைக் குளிரச் செய்யும், அவசரத்தை வளர்க்கும்.

இதற்கு மறுப்பு உண்டு. அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கும் போகக்கூடிய பலகை, எங்கும் போகலாம் என்ற துணிவையும் தரலாம் அல்லவா? தரலாம். எந்தக் கருவியும் தீர்ப்பு சொல்லாது. ஐந்து படிநிலை கொண்ட அபாய அறிவிப்பைப் படிப்பது, 457 கிலோஹெர்ட்ஸ் அலையில் இயங்கும் தேடுகருவியும் மண்வாரியும் துழாவுகோலும் எல்லோரிடமும் இருப்பது, அவற்றைப் பயன்படுத்தக் குழுவாகப் பயில்வது ஆகியவற்றை எந்தப் பலகையும் ஈடுசெய்யாது. புதைந்தவரைச் சில நிமிடங்களில் தோண்டியெடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பிறகு அது செங்குத்தாகச் சரிகிறது. செலவு கைமீறினால் பலகையின் தரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், பழையதை வாங்கலாம். பயிற்சிக்கான பணத்தில் கைவைக்கக் கூடாது. ஆனால் மறுப்பில் உள்ள துணிவு மனிதரிடமிருந்து வருவது. அதைத் திருத்தப் பயிற்சி உண்டு. ஒரே ஒரு பனியில் மட்டும் இன்பம் தரும் பலகையோ, பயிற்சி பெற்றவரையும் அந்த ஒன்றை நோக்கியே இழுத்துக்கொண்டிருக்கும்.

எனவே கடைக்காரர் உயரமும் எடையும் பூட்ஸ் அளவும் கேட்பதற்குமுன், வாங்குபவர் தம்மையே ஒன்று கேட்டுக்கொள்வது நல்லது: அபாய அறிவிப்பு மூன்றாம் படிநிலையைக் காட்டும் நாள்களில், வானம் தெளிந்து பனி மின்னும்போது, நான் எங்கே போவேன்? புறப்பட்டபின் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைப்பது கடினம். தோழர்கள் தயாராக நிற்பார்கள், பயணச் செலவு ஆகியிருக்கும், மேலே யாரும் தொடாத பனி இருக்கும். புறப்படுவதற்குப் பல மாதங்களுக்குமுன், ஆசை தணிந்த நேரத்தில் கேட்டால் பதில் கிடைக்கும். "காட்டுக்குள் இருக்கும் மென்சரிவுக்கு" என்பது பதிலானால், அந்த மென்சரிவில் தன்னை மகிழ்விக்கும் பலகையை அவர் வாங்கட்டும். விலகி வந்தபிறகும் அந்த நாள் நல்ல நாளாகவே முடியும் என்ற உறுதி இருப்பவருக்கே, ஆபத்தான சரிவிலிருந்து விலகுவது எளிது.