கணுக்காலில் ஒரு முனை

கர்நாடக வயலின் கற்க வரும் பிள்ளைக்கு முதல் பாடம் ஸ்வரம் அல்ல, உட்காருவது. சப்பணமிட்டு, வலது பாதத்தைச் சற்றே முன்னே தள்ளி, வயலினின் சுருள்தலையை அந்தக் கணுக்காலில் பொருத்த வேண்டும். மறுமுனை இடது தோளுக்குக் கீழே மார்போடு அணைந்திருக்கும். பாரத்தைக் காலும் மார்பும் ஏற்றுக்கொள்வதால் இடக்கை கருவியைப் பிடிக்க வேண்டியதே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பாலுசுவாமி தீட்சிதர் போன்றவர்களால் நம் இசைக்குள் வந்த இந்த ஐரோப்பியக் கருவி, நம் கமகத்தைப் பேசுவதற்கு இந்த அமர்வு பெரிய துணை. ஜாரு என்ற கமகத்தில் விரல் தந்தி நெடுக வழுக்கிப் போய்வர, கை காலியாக இருந்தாக வேண்டுமே!

ஆனால் பிள்ளைகள் பயத்தில் வயலினின் கழுத்தை இறுக்கிப் பிடித்துவிடுகிறார்கள். உள்ளங்கை மரத்தில் ஒட்டிக்கொள்ளும். பெருவிரல் நுனி வெளுத்துப்போகும். அப்போது பெருவிரலை ஒரு நொடி விலக்கச் சொல்லுங்கள். வயலின் சரிந்தால் உட்கார்ந்ததில்தான் கோளாறு. விரலைத் திட்டிப் பயனில்லை.

வலக்கையில் பெருவிரல் லேசாக மடங்கி, சுண்டுவிரல் வில்லின் மேல் வளைந்து நிற்க, வில் தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு இணையாகவே ஓட வேண்டும். தொடக்க ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசை எப்போது என்று பெற்றோர் அவசரப்படுத்த வேண்டாம். வெறும் தந்தியில் நீள வில் போடும் நாட்கள் வீண் அல்ல. ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று ஏழு வயதுப் பிள்ளையின் கையில் முழு அளவு வயலினையும் கொடுக்காதீர்கள். அரை, முக்கால் அளவுகள் கடைகளில் கிடைக்கின்றன.