அருளும் கடனும்: கைவிடப்பட்ட உயிர்கள் குறித்து ஓர் அறவியல் நோக்கு

வீதியிற் கைவிடப்பட்ட நாய்களையும் பூனைகளையும் எடுத்து வந்து, புண்ணாற்றி, உணவளித்துக் காப்போர் நம் நாட்டின் பல ஊர்களில் உளர். ஊதியம் பெறாத தொண்டர்களாகிய இவர்கள் நடத்தும் காப்பகங்கள் பெரும்பாலும் பிறர் தரும் பணத்தையும் பொருளையும் நம்பியே இயங்குகின்றன. இவற்றுக்கு உதவுதல் விரும்பினோர் செய்யும் தருமமா, அன்றி எல்லோர்க்கும் உரிய கடமையா என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் வினாவாகும்.

விலங்குக்கு மருத்துவஞ் செய்தல் புதிய எண்ணமன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோக மன்னன் பொறித்த இரண்டாம் பாறைச் சாசனம், மனிதருக்கும் விலங்குகளுக்கும் சிகிச்சை ஏற்பாடுகள் செய்யப்பட்டமையைக் கூறுகின்றது. அத்தகைய ஏற்பாடு நடந்த நாடுகளாகச் சோழ, பாண்டிய நாடுகளுடன் தம்பபண்ணியையும் அது குறிக்கின்றது. எனினும் இத்தொண்டு எள்ளி நகையாடப்பட்டதும் உண்டு. 1860 இல் மேரி ரீல்பி என்னும் பெண்மணி இலண்டனில் வீடற்ற நாய்களுக்கென ஓர் இல்லம் அமைத்தபோது 'ரைம்ஸ்' பத்திரிகை அதனை ஏளனஞ் செய்தது. மனிதர் பசித்திருக்க நாய்க்கு இல்லமா என்னும் கேள்வி நம்மிடையேயும் அடிக்கடி எழுவதாகும்.

இக்கேள்வியைப் புறந்தள்ளுதல் முறையன்று. போரினாலும் வறுமையினாலும் நலிந்த ஒரு சமுதாயத்தில் மனிதத் துயர் முதலிடம் பெறுதல் இயல்பே. ஆனால் முதலிடம் ஒன்றுக்கு உண்டு என்பதால் மற்றையதற்கு இடமே இல்லை என்பது பெறப்படுமா? நம் செலவுகளுட் பெரும்பகுதி ஏழையின் பசியையும் நோக்குவதில்லை, விலங்கின் புண்ணையும் நோக்குவதில்லை. கொண்டாட்டத்துக்கும் அலங்காரத்துக்கும் செல்லும் பணத்தைக் குறித்து எழாத ஆட்சேபம் நாய்க்கு இடும் மருந்தைக் குறித்து மட்டும் எழுமாயின், அது மனிதநேயத்தின் குரல்தானா என ஐயுற இடமுண்டு.

மெய்யியலாளருள் கான்ற், விலங்குகள்பால் மனிதனுக்கு நேரடியான கடமை இல்லை என்றும், விலங்கிடம் கொடுமை பழகியவன் மனிதரிடமும் கொடியவனாவான் என்பதாலேயே இரக்கம் வேண்டப்படும் என்றும் கருதினார். பெந்தமோ 1789 இல் வெளிவந்த தமது நூலில், பகுத்தறிவும் பேச்சும் அல்ல, துன்பத்தை உணரும் ஆற்றலே அளவுகோல் என வாதிட்டார். கான்ற்றின் கருத்து ஓர் இடர்ப்பாட்டை உடையது. அடிபட்ட நாயின் வேதனை எவர் குணத்தையும் கெடுக்காதவிடத்தும் அது வேதனையே. அதனைப் போக்குதற்கு அந்த வேதனையே போதிய நியாயமாகும்.

தமிழ் அறநூல் மரபு இங்கு ஒரு நுட்பமான வேறுபாட்டைத் தருகின்றது. திருக்குறள் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்துள்ளது. தொடர்புடையார்மாட்டுச் செல்வது அன்பு, தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் எனப் பரிமேலழகர் வேறுபடுத்துவர். வீதி நாய் இவ்விரண்டுள் எதற்கு உரியது? காட்டு மானைப் போல அது நம்மிடமிருந்து விலகி வாழ்வதன்று. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதனுடன் வாழ்ந்து, அவன் கையை எதிர்பார்க்கும் இயல்பினைப் பெற்றது அது. அவ்வியல்பை உண்டாக்கியவன் மனிதனே. ஆகவே அதனைக் காத்தல் வெறும் அருளன்று. நாம் உண்டாக்கிய சார்பிலிருந்து பிறக்கும் கடனாகும். மகாபாரதத்தின் இறுதியிலே தருமன் தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுக்கின்றான். நம்பி வந்த உயிரைக் கைவிடலாகாது என்பதே அவன் கூறும் நியாயம்.

கடன் எனக் கொள்ளின் அதன் அளவும் முறையும் ஆராயப்பட வேண்டும். இலங்கையில் 1973 இல் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தனர். எனவே கட்டாக்காலி நாய்கள் பற்றிய அச்சம் வீணானதன்று. ஆயின் கொல்லுதல் அதற்குப் பரிகாரமாகவில்லை. ஒரு தெருவில் நாய்களை அழித்தால் உணவுள்ள அவ்விடத்துக்கு வேறு நாய்கள் வந்து சேரும். நாய்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி இடுவதே நோய் பரவுதலைத் தடுக்கும் வழியென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. 2006 இல் அரசு கட்டாக்காலி நாய்களைக் கொல்வதை நிறுத்தியமை வரவேற்கத்தக்கதே. கொல்லாமை அறத்தின் தொடக்கம். கருத்தடை, தடுப்பூசி, பராமரிப்பு ஆகியன தொடராவிடின் அது நாய்களைப் பசிக்கும் நோய்க்கும் விட்டுவிடுதலாகவே முடியும்.

இவ்விடத்திலேதான் தொண்டர்களின் இக்கட்டு தோன்றுகின்றது. ஐம்பது உயிர்களைப் பேணக்கூடிய இடத்தில் இருநூறை அடைத்தால் காப்பகமே கொடுமையின் இடமாகிவிடும். ஆதலால் வாயிலில் விடப்பட்ட குட்டிகளை ஏற்க மறுக்கும் நிலை அவர்களுக்கு நேர்கின்றது. மறுத்தவர் கல்நெஞ்சர் எனப் பழிக்கப்படுகின்றார். குட்டிகளைக் கொணர்ந்து விட்டவரை எவரும் வினவுவதில்லை. பலர் செய்த பிழையின் சுமையைச் சிலர் சுமப்பது நீதியாகாது. உதவுதல் என்பது இச்சுமையிற் பங்கேற்றலே. பணம் தருதல், ஓய்வு நாளில் உழைத்தல், கருத்தடைச் செலவை ஏற்றல், ஒரு நாயைத் தன் வீட்டுக்குக் கொண்டுசெல்லல் என அது பல வகைப்படும்.

பல்கலைக்கழக விடுதிகளைச் சூழ்ந்து வாழும் நாய்களை நோக்கின் இவ்வுண்மை தெளிவாகும். தவணைக் காலத்தில் மாணவர் மிச்சச் சோற்றை அன்புடன் இடுகின்றனர். விடுமுறை வந்ததும் விடுதிகள் வெறிச்சோடுகின்றன. அச்சோற்றை நம்பிப் பெருகிய உயிர்கள் பசியால் வாடுகின்றன. சோறிட்டவர் தீயவரல்லர். ஆனால் சார்பை உண்டாக்கியவருக்கு அதன் பின்விளைவிலும் பொறுப்புண்டு. ஒரு விடுதி மாணவர் கூடி ஒரு பெண் நாய்க்குக் கருத்தடை செய்விப்பின், அது பல நாட் சோற்றினும் மேலான உதவியாகும்.

தொண்டர் இருக்கின்றனர் என்பதால் அரசு தன் கடமையினின்று நீங்கிவிடவும் கூடாது. 1907 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதித்த உயர்ந்தபட்சத் தண்டம் நூறு ரூபா. நூறாண்டு கடந்த பின்னும் சட்டநூலில் அத்தொகையே நின்றமை, இவ்வுயிர்கள் நம் பொது வாழ்வில் எத்துணை சிறிய இடம் பெற்றன என்பதைக் காட்டும். சட்டம் திருந்த வேண்டுமென வற்புறுத்துதலும் தொண்டருக்குச் செய்யும் உதவியே. ஆனால் சட்டம் திருந்தும் வரை காத்திருக்க அந்த உயிர்களால் இயலாது. அதுவரை அக்கடனை இறுப்போர் ஒரு சிலராய் மட்டும் இருத்தல் தகாது.